முழங்கால் வீங்கினால் சுளுக்குதான் என்று விடலாமா? ரத்தம் உறையாத 'ஹீமோபிலியா' பற்றி பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

தவழும் குழந்தையின் முட்டியில் காரணமே தெரியாமல் நீலத் திட்டுகள். பால் பல் விழுந்த இடத்தில் மறுநாள் காலையிலும் ரத்தக் கசிவு. கீழே விழாமலேயே ஒரு பையனுக்கு முழங்கால் வீங்கி, சூடாகி, மடக்க முடியாத வலி.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். "சின்ன அடிதானே, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று விட்டுவிடுவதும் வழக்கம்தான். ஆனால் ஒரே குழந்தைக்கு இவை திரும்பத் திரும்ப வந்தால், அது ரத்தம் உறைவதில் உள்ள பிறவிக் குறைபாடாக இருக்கலாம். அதில் அதிகம் அறியப்பட்டது ஹீமோபிலியா.

இந்த நோயில் நேரம் முக்கியம். ரத்தக் கசிவு தொடங்கினால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்பது உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல 50 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்ப்பதற்குள் அந்த 2 மணி நேரம் கரைந்துவிடும். "இது என்ன நோய்னே தெரியல" என்ற நிலையில் கிளம்பினால் இன்னும் தாமதமாகும். அதனால் நோயை முன்கூட்டியே கண்டுபிடித்து வைப்பதுதான் பாதி சிகிச்சை.

ஹீமோபிலியா என்றால் என்ன?

உடலில் காயம் பட்டால் முதலில் ரத்தக் குழாய் சுருங்கும். அடுத்து பிளேட்லெட் எனப்படும் ரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். அந்த அடைப்பு கலையாமல் இருக்க, அதன் மேல் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை போல பின்னிக்கொள்ள வேண்டும். இந்த வலையைப் பின்னும் வேலையை ரத்தத்தில் உள்ள பல புரதங்கள் ஒன்றை ஒன்று தூண்டிவிட்டுச் செய்கின்றன. இவற்றை 'ஃபேக்டர்' என்று எண் போட்டு அழைக்கிறார்கள்.

வரிசையில் ஒரு ஃபேக்டர் குறைந்தாலும் வலை சரியாக விழாது. 8-வது ஃபேக்டர் குறைந்தால் ஹீமோபிலியா ஏ. 9-வது குறைந்தால் ஹீமோபிலியா பி. நோயாளிகளில் 10-ல் 8 பேருக்கு மேல் ஏ வகைதான்.

ஆரோக்கியமானவர்களுக்கு இந்த ஃபேக்டர் 50 முதல் 150 சதவீதம் வரை இருக்கும். 5 முதல் 40 சதவீதம் என்றால் லேசான வகை. 1 முதல் 5 வரை நடுத்தரம். 1 சதவீதத்துக்கும் கீழே போனால் தீவிர வகை. இவர்களுக்கு அடியே படாமல் மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் ரத்தம் கசியும்.

"சின்னதா கீறினாலே ரத்தம் பீறிட்டு செத்துப்போவாங்க" என்பது பரவலாக உள்ள தவறான எண்ணம். ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு ரத்தம் வேகமாக வெளியேறுவதில்லை. நீண்ட நேரம் நிற்காமல் கசிகிறது. சிறு கீறலை அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான்: மூட்டு, தசை, வயிறு, மூளை.

எத்தனை பேருக்கு இது வருகிறது?

ஹீமோபிலியா ஏ, சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. 2011 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி இன்றைய தென்காசி மாவட்டப் பகுதியில் சுமார் 14 லட்சம் பேர் வசித்தனர். அதில் பாதி ஆண்கள் என்று வைத்தால், இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் இருக்க வாய்ப்பு உண்டு. இது வெறும் கணக்குதான், நேரில் எண்ணியது அல்ல. ஆனால் "நம்ம ஊர்ல யாருக்கும் கிடையாது" என்று சொல்ல முடியாது என்பதை இது காட்டுகிறது.

இந்தியாவில் இருக்கக்கூடிய நோயாளிகளில் பெரும்பாலானோர் இன்னும் கண்டறியப்பட்டு பதிவு செய்யப்படவே இல்லை. லேசான வகை உள்ளவர்கள் பல் பிடுங்கும்போதோ, ஆபரேஷனின்போதோ, விபத்திலோதான் முதல்முறையாக மாட்டிக்கொள்கிறார்கள்.

அம்மா மூலம் வருகிறதா? அம்மா மீது தவறா?

8, 9 ஆகிய இரண்டு ஃபேக்டர்களுக்கான மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றொன்று சமாளித்துவிடும். ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அது பழுதானால் ஈடுகட்ட வேறு இல்லை.

பழுதான மரபணுவைச் சுமக்கும் தாய்க்கு ஒவ்வொரு பிரசவத்திலும், பிறப்பது மகன் என்றால் அவனுக்கு நோய் வர 50 சதவீத வாய்ப்பு. மகள் என்றால் அவளும் அம்மாவைப் போல மரபணுவைச் சுமக்க 50 சதவீத வாய்ப்பு. ஹீமோபிலியா உள்ள அப்பாவிடமிருந்து மகனுக்கு இது போகாது. ஆனால் மகள்கள் அனைவரும் அந்த மரபணுவைச் சுமப்பார்கள்.

வரலாற்றில் இதற்குப் பெயர்போன உதாரணம் பிரிட்டன் ராணி விக்டோரியா. அவருடைய மகன் லியோபோல்டுக்கு நோய் இருந்தது. மகள்கள் வழியாக அது ஐரோப்பிய அரச குடும்பங்களுக்குப் பரவி, கடைசி ரஷ்ய மன்னரின் மகன் அலெக்ஸி வரை சென்றது. அது ஹீமோபிலியா பி வகை என்பது 2009-ல் எலும்புகளில் செய்த மரபணு பரிசோதனையில் தெரிய வந்தது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். தீவிர ஹீமோபிலியா உள்ள குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவரின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்குமே இந்த நோய் இருந்திருக்காது. மரபணுவில் புதிதாக ஏற்படும் மாற்றமே காரணம். "எங்க பரம்பரையில கிடையாது, உன் வழியில வந்தது" என்று மருமகளைக் குத்திப் பேசுவதில் அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. தன் மரபணுவை யாரும் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் வருமா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். நாடு முழுவதும் சேர்த்து இது சுமார் 11 சதவீதம்தான்.

ஹீமோபிலியா ஏ, பி இரண்டும் வருவதற்கு சொந்தத் திருமணம் காரணம் இல்லை. அம்மாவின் எக்ஸ் குரோமோசோமில் பழுது இருந்தால், அவர் யாரை மணந்தாலும் மகனுக்கு அதே 50 சதவீத வாய்ப்புதான்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. ஹீமோபிலியா உள்ள தாய்மாமன், தன் அக்கா மகளை மணக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்காவும் அவர் மகளும் அதே மரபணுவைச் சுமப்பவர்களாக இருக்கலாம். அப்படி இருந்தால் பிறக்கும் பெண் குழந்தைக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு எக்ஸும் பழுதாக வந்து, பெண்ணுக்கே முழு ஹீமோபிலியா வரலாம்.

இதைவிட சொந்தத் திருமணத்தோடு நேரடித் தொடர்பு உள்ளவை, அரிதான மற்ற ஃபேக்டர் குறைபாடுகள். 7, 10, 13 போன்ற ஃபேக்டர்கள் குறைவது ஆண், பெண் இருவருக்கும் வரும். அப்பா, அம்மா இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். அப்படிச் சேர்வது வெளியாட்களுக்குள் அரிது, ஒரே ரத்தச் சொந்தத்துக்குள் எளிது. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு.

தொப்புள் கொடியில் ரத்தம் கசிந்தால்?

13-வது ஃபேக்டர், பின்னப்பட்ட ஃபைப்ரின் வலையை இறுக்கி முடிச்சுப் போடுவது. அது இல்லாவிட்டால் ரத்தம் உறைவது போலத் தெரியும், பிறகு மீண்டும் கசியத் தொடங்கும்.

இதன் முதல் அடையாளம், பிறந்த சில நாட்களில் தொப்புள் கொடி விழும் இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிவது. "கொடி சரியா காயல" என்று பொடி போட்டு விட்டுவிடக் கூடாது. காரணம், 13-வது ஃபேக்டர் கடுமையாகக் குறைந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து உள்ளது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தம் உறைவதற்கு வழக்கமாக எடுக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. ஆகிய இரண்டு பரிசோதனைகளிலும் இந்தக் குறைபாடு தெரியாது. ரிப்போர்ட் 'நார்மல்' என்றே வரும். தனிப் பரிசோதனை கேட்டுச் செய்தால்தான் தெரியும். கண்டுபிடித்துவிட்டால் 4 வாரத்துக்கு ஒருமுறை போன்ற இடைவெளியில் ஃபேக்டர் கொடுத்தே குழந்தையைப் பாதுகாக்க முடியும். இந்த ஃபேக்டர் ரத்தத்தில் பல நாள் தங்கும் என்பதே காரணம்.

பெண்களுக்கு வராதா?

ஹீமோபிலியா மரபணுவைச் சுமக்கும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஃபேக்டர் அளவு 40 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போவது போன்றவை அவர்களுக்கு வரலாம்.

ஆண், பெண் இருவருக்கும் சமமாக வரக்கூடியது 'வான் வில்லிபிராண்ட்' நோய். 1926-ல் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் இதை முதலில் விவரித்தார். அவர் கவனித்த குடும்பத்தில் ஒரு சிறுமி, மாதவிடாய் தொடங்கிய சில மாதங்களில் ரத்தப்போக்கு நிற்காமல் 13 வயதில் இறந்துபோனார்.

வயதுக்கு வந்தது முதல் ஒவ்வொரு மாதமும் 7 நாளுக்கு மேல் ரத்தப்போக்கு, மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டிய நிலை, அதனால் ரத்தசோகை என்றால் "பொம்பளைங்கன்னா அப்படித்தான்" என்று ஒதுக்காமல் ரத்த உறைவுப் பரிசோதனை செய்ய வேண்டும்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

• தவழ, நடக்கத் தொடங்கும் வயதில் அடிக்கடி பெரிய நீலத் திட்டுகள், கட்டிகள்
• தடுப்பூசி போட்ட இடத்தில் பெரிதாக வீங்கிக் கன்றிப்போவது
• காது குத்து, சுன்னத், பல் பிடுங்கல் முடிந்து பல மணி நேரம் கழித்தும் ரத்தம் கசிவது
• நின்ற ரத்தம் மறுநாள் மீண்டும் கசிவது
• முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டு திடீரென வீங்கிச் சூடாவது
• தொடையை நீட்ட முடியாமல் அடிவயிற்றில் வலி. வலப் பக்கம் வந்தால் குடல்வால் வலி என்று தவறாக நினைக்க வாய்ப்பு உண்டு. இடுப்புத் தசைக்குள் ரத்தம் கசிவதாகவும் இருக்கலாம்
• தாய்மாமனுக்கோ, அம்மாவின் அப்பாவுக்கோ இதேபோல ரத்தம் நிற்காத வரலாறு

கடைசியில் உள்ளது மிக முக்கியம். மொட்டை, காது குத்துக்கு நாள் குறிக்கும் முன், "அம்மா வழியில யாருக்காவது ரத்தம் நிக்காம போனதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பாட்டிகளுக்குத் தெரிந்திருக்கும்.

என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

முதலில் பிளேட்லெட் எண்ணிக்கையுடன் முழு ரத்தப் பரிசோதனை, பி.டி., ஏ.பி.டி.டி. ஹீமோபிலியாவில் பொதுவாக ஏ.பி.டி.டி. மட்டும் அதிகமாக இருக்கும். அதன் பிறகு எந்த ஃபேக்டர் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பரிசோதனை. லேசான வகையில் ஏ.பி.டி.டி. நார்மலாகவே வரலாம். எனவே அறிகுறி இருந்தால் ஒரு நார்மல் ரிப்போர்ட்டோடு நிறுத்தக் கூடாது.

குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பது உறுதியானால் சகோதரி, சித்தி, பெரியம்மா ஆகியோரும் மரபணு பரிசோதனை பற்றிக் கேட்கலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிரசவத்தில் ஆயுதம், வேக்குவம் போன்றவற்றைத் தவிர்க்க அது உதவும்.

ரத்தக் கசிவு தொடங்கினால் என்ன செய்வது?

செய்ய வேண்டியவை:

• மூட்டை அசைக்காமல் ஓய்வு கொடுக்கவும். துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, மெதுவாகக் கட்டுப் போட்டு, உயர்த்தி வைக்கவும்
• வெளிக்காயம் என்றால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்கவும்
• கிளம்பும் முன்பே மருத்துவமனைக்கு போன் செய்து ஃபேக்டர் இருப்பு உள்ளதா என்று கேட்கவும். அவசரத்துக்கு 108
• தலையில் அடி என்றால் குழந்தை நன்றாக விளையாடினாலும் உடனே செல்லவும். ஃபேக்டர் முதலில், ஸ்கேன் பிறகு

செய்யக் கூடாதவை:

• ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். அவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். பொதுவாக பாராசிட்டமால்தான் பாதுகாப்பு
• தசையில் ஊசி போடக் கூடாது. ஊசி போடும் முன் நர்ஸிடம் சொல்லவும்
• வீங்கிய மூட்டை எண்ணெய் தேய்த்து நீவி விடக் கூடாது. சுளுக்கு எடுப்பவரிடம் போகவும் கூடாது
• தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டாம். மெல்லிய ஊசியால் போட்டு, சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும்

சங்கரன்கோவில் கோமதி அம்மன் சந்நிதி புற்றுமண்ணை நோய் தீர வேண்டி உடலில் பூசுவது தலைமுறைகளாக உள்ள நம்பிக்கை. நெற்றியில் இட்டுக்கொள்வதில் பிரச்னை இல்லை. ஆனால் ரத்தம் கசியும் திறந்த காயத்தில் எந்த மண்ணையும் வைத்தால் கிருமித் தொற்று வரலாம். மூட்டுக்குள் கசியும் ரத்தத்தை வெளிப்பூச்சு எதுவும் நிறுத்தாது. வேண்டுதலை வைத்துவிட்டு, வண்டியை ஆஸ்பத்திரிக்கு விட வேண்டும்.

சிகிச்சை என்ன?

குறையும் ஃபேக்டரை ஊசி மூலம் நரம்பில் ஏற்றுவதுதான் அடிப்படை சிகிச்சை. ஒரே மூட்டில் திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்தால் உள்ளே உள்ள குருத்தெலும்பு அரித்துப்போய், 20 வயதிலேயே கால் மடங்காத நிலை வந்துவிடும். அதனால் கசிந்த பிறகு போடுவதைவிட, கசியாமல் இருக்க முன்கூட்டியே போடுவது நல்லது.

ஏற்றிய 8-வது ஃபேக்டர் 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே வாரத்துக்கு 2, 3 முறை போட வேண்டியிருக்கும். ஹீமோபிலியா ஏ-வுக்கு எமிசிசுமாப் என்ற மருந்தும் உள்ளது. சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் போடுவது போல தோலுக்கு அடியில், வாரம் ஒருமுறை முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை வரை போட்டால் போதும். தூரத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. மருந்து முன்பே உடலில் இருந்தால், அந்த 2 மணி நேர ஓட்டம் பெரும்பாலும் தேவைப்படாது.

வேலூரில் நடந்த ஆய்வு என்ன சொல்கிறது?

வாழ்நாள் முழுக்க ஊசி போடாமல், உடலே ஃபேக்டரை உருவாக்க முடியுமா? அதற்கான ஒரு முக்கியமான ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழக விஞ்ஞானிகளுடன் இணைந்து, தீவிர ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேருக்கு மரபணு சிகிச்சை அளித்தது. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, தீங்கு செய்யாதபடி மாற்றப்பட்ட வைரஸ் மூலம் 8-வது ஃபேக்டருக்கான மரபணுவை அவற்றில் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்தினர்.

2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவுகள் வெளியாகின. கண்காணித்த காலத்தில் 5 பேரில் ஒருவருக்குக்கூட ரத்தக் கசிவு ஏற்படவில்லை. 5 பேரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதங்கள்.

ஆனால் உடனே கிளம்பிச் சென்று போட்டுக்கொள்ளும் சிகிச்சை அல்ல இது. 5 பேருமே பெரியவர்கள். புதிய செல்கள் தங்க இடம் ஏற்படுத்த முதலில் கீமோதெரபி கொடுக்க வேண்டும், அதற்கே தனி ஆபத்துகள் உண்டு. பலன் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். இன்று நோய் கண்டறியப்படும் குழந்தைக்கு உடனடித் தேவை ஃபேக்டர்தான்.

அரசு உதவி என்ன கிடைக்கும்?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஹீமோபிலியா நோயாளிகளுக்கு ஃபேக்டர் இலவசமாக வழங்கப்படுகிறது. வெளியில் வாங்கினால் சாதாரணக் குடும்பத்தால் தாங்க முடியாத விலை என்பதால், அங்கே பெயரைப் பதிவு செய்துகொள்வது அவசியம். விவரங்களுக்கு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோபிலியாவும் ஒன்று. மருத்துவக் குழுவின் சான்றிதழ், தனித்துவ அடையாள அட்டை ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். பாதிப்பின் சதவீதத்தைப் பொறுத்து சலுகைகள் கிடைக்கும்.

நோயின் பெயர், ஃபேக்டர் அளவு, ரத்தப் பிரிவு, சிகிச்சை பெறும் மருத்துவமனை எண் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி, குழந்தையின் ஸ்கூல் பையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். வகுப்பு ஆசிரியருக்கும், பி.டி. வாத்தியாருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மறைத்தால் ஆபத்து குழந்தைக்குத்தான்.

ஒழுங்காக ஃபேக்டர் கிடைக்கும் குழந்தை பள்ளிக்குப் போகலாம், நீச்சல் அடிக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். இதெல்லாம் தொடங்குவது ஒரு ரத்தப் பரிசோதனையில். அடுத்த முறை காரணமில்லாமல் முழங்கால் வீங்கினால், சுளுக்கு எடுக்கும் முன் அந்த டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள்.